கதிர்காமம் போக நிறுத்துக் கட்டிய அரிசி

எங்கள் முதல் பிள்ளை ஆறு நாள் இருந்தாள். ஏழாம் நாள் முடி இறக்கிப் பேர் வைப்பதற்கு ஆடு வாங்கிக் கட்டியிருந்தோம். பேருக்கு முன்னமே பிள்ளை போய்விட்டாள். அந்த ஆட்டை யார் அவிழ்த்துக்கொண்டு போனார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. அப்போது கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இருக்கும் வாங்குகளுக்கு நடுவே நடந்தபடியே கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் நடந்தேன். வீடு என்றால் மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பான். அங்கே என் மனைவியும் மாமியும் நானும்தான். மனைவியின் காக்கா, அதாவது அவளுடைய அண்ணன், என் மச்சான், பக்கத்துத் தெருவில் தன் பெண்சாதியின் வீட்டில் இருந்துகொண்டு கருவாட்டு வியாபாரம் செய்தான். நாளுக்கு ஒரு தடவையாவது வந்து போவான்.

மனைவி அழவில்லை. கதைக்கவும் இல்லை. உலை வைத்தாள், சோறு போட்டாள், பாய் விரித்தாள். கேட்டதற்கு "ஓம்" என்பாள், இல்லாவிட்டால் தலையை ஆட்டுவாள். நான் அவளைப் பார்க்கப் பயந்து வெளியே இறங்குவேன். கடற்கரையால் மருதமுனை வரைக்கும் நடந்து திரும்பி வந்து, வீட்டு வாசலைத் தாண்டிக் காரைதீவுப் பக்கம் நடப்பேன். கால் ஓய்ந்தாலும் உள்ளுக்குள் ஓயவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய இலங்கைப் படத்தில் எங்கள் கரையைத் தெற்கே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பாணமை. அதற்கு அப்பால் ரோட்டுக் கோடு இல்லை, காடு. காட்டுக்கு அந்தப் பக்கம் கதிர்காமம். முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே எங்கள் பள்ளிவாசலும் அங்கே இருக்கிறது. நம் ஆட்களும் நேர்ச்சை வைத்துப் போவார்கள், ஆனால் பஸ்ஸில், மலைப்பக்கத்தால் சுற்றி. தமிழ்ச் சனம் திருவிழாக் காலத்தில் கூட்டமாகக் கரையால் நடந்து போகும். நான் சித்திரை லீவில், ஒருவரும் போகாத நேரத்தில், வீட்டு வாசலில் இருந்தே நடந்து போவது என்று நின்ற நிலையிலேயே முடிவெடுத்தேன்.

மச்சானிடம் சொன்னேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான்.

"தனியப் போய் ஒன்ன ஆனை அடிச்சா, என்ட தங்கச்சிக்கு ஆர் பதில் சொல்லுற? நானும் வாறன்."

பாணமைக்குப் பிறகு கடை கிடையாது. எங்கள் கணக்கு அங்கேதான் தொடங்கியது. படத்தில் நூல் வைத்து அளந்தேன். வளைவு நெளிவுக்கும் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தால் பாணமையில் இருந்து கதிர்காமம் அறுபது மைலுக்குக் கிட்ட வந்தது. நாளைக்குப் பன்னிரண்டு மைல் என்றேன் நான். மணலிலும் முள்ளிலும் எட்டுக்கு மேல் ஏலாது என்றான் அவன். பத்தில் வந்து நின்றோம். பத்து மைல் என்றால் ஆறு நாள் சாப்பாடு.

"ஒரு நாள் எங்கயாவது நிக்க வேண்டி வந்தா?" என்று மச்சான் கேட்டான். "ஒரு நாளைக்குக் கூடப் போட்டுக் கட்டுவம்."

"நிக்கிறதுக்கா மச்சான் போறம்?" என்றேன். ஒரு நாள் சாப்பாடு கூடினால் தோளில் அவ்வளவு பாரம் கூடும், பாரம் கூடினால் மைல் குறையும், மைல் குறைந்தால் இன்னும் ஒரு நாள் வேண்டும். இந்தச் சுற்றைக் கரியால் சுவரில் எழுதிக்கூடக் காட்டினேன். அவன் தராசு எடுத்துவர எழுந்தான்.

அவனுடைய தூக்குத் தராசைக் கொண்டுவந்து குசினிக் கூரை வளையில் கட்டினோம். சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர் விட்டுப்போன கன்வஸ் பைகள் இரண்டு சந்தையில் கிடைத்தன. வெறும் பையே மூன்று இறாத்தல் நிறுத்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. வேண்டாத வார்களை வெட்டி எறிந்தேன். பிறகு அரிசியை நிறுத்தேன். ஆளுக்கு நாளைக்கு ஒரு சுண்டு, ஒரு பால்பேணி அளவு, என்று போட்டுக்கொண்டு வந்தபோது அடுப்படியில் இருந்து குரல் வந்தது.

"அது பத்தாது."

நானும் மச்சானும் திரும்பினோம். என் மனைவி அகப்பையும் கையுமாக நின்றாள்.

"பத்து மைல் நடக்கிற மனிசனுக்கு ஒரு சுண்டரிசி என்னத்துக்குக் காணும்? வீட்டில சும்மா இரிக்கக்குள்ளயே நீங்க ரெண்டு கோப்பை தின்னுறீங்க."

பிள்ளை போனபின் அவள் வாயில் இருந்து இவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்தது அன்றைக்குத்தான். மச்சான் என் காலை மெல்ல மிதித்தான், எதிர்த்துக் கதைக்காதே என்பதுபோல.

அன்றில் இருந்து அவளும் எங்கள் கணக்கில் சேர்ந்துகொண்டாள். காலையில் சமைக்க மினக்கெட வேண்டாம் என்று அரிசியை வறுத்து இடித்துச் சீனி கலந்து மா செய்தாள். பகலுக்கு அவல், இரவுக்கு மட்டும் உலை. மாசிக் கருவாட்டைத் தூளாக்கி, மிளகாயும் உப்பும் போட்டு வறுத்தெடுத்தாள். தேங்காயில்தான் பெரிய வழக்கு. முழுத் தேங்காய் கொண்டுபோனால் ஓட்டையும் தண்ணீரையும் அல்லவா சுமக்க வேண்டும் என்றேன். தேங்காய் இல்லாமல் ஆறு நாள் சோறு இறங்காது என்றாள். கடைசியில் துருவி, ஈரம் போக வறுத்து, போத்தலில் அடைத்தாள். நிறுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப சரியா?" என்று கேட்டாள். முகத்தில் ஒரு சின்ன வெற்றி தெரிந்தது. மச்சானுடைய வெற்றிலை பாக்கையும் விடாமல் தராசில் போட்டாள்.

"இதென்ன, இதையுமா நிறுக்கிற?" என்றான் அவன்.

"தோளுக்கு வெத்திலையும் பாரம்தான் காக்கா."

நான் பையில் மணலை நிரப்பி, சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடந்து பழகினேன். கரைவலை இழுக்கிறவர்கள், "மாஸ்டர், மண்ணை எங்க கொண்டு போறீங்க? அங்கயும் மண்தானே!" என்று கத்துவார்கள். ஊர் சிரிக்கிறது என்று மாமி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. லீவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

புறப்பட்ட அன்று அவள் வாசல்வரை வந்தாள். அழவில்லை. "தண்ணிப் போத்தல நிறுத்த நேரம் வெறும் போத்தலாத்தான் கிடந்தது. நிரப்பினா இன்னும் பாரம். நினைப்பில வெச்சிக்கங்க" என்றாள்.

பொத்துவில் வரைக்கும் பள்ளிவாசல்களில் படுத்து, கடைகளில் சாப்பிட்டுப் போனோம். கட்டிய பையை அவிழ்க்கவில்லை. பத்து மைல் என்று பேசியதை நான் ஒரு நாளும் மதிக்கவில்லை. வெயில் ஏறியும் நடந்தேன், பின்னேரம் அசர் தொழுதுவிட்டும் நடந்தேன். மச்சான் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தான். கோமாரியில் தென்னைகளுக்குக் கீழே காலைத் தூக்கிக் காட்டினான். குதிக்கால் கொப்பளம் உடைந்து சிவந்திருந்தது.

"ஆர் மச்சான் ஒன்னத் துரத்துற?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை.  அறுகம்பேயில் உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, துணி கட்டிக்கொண்டு திரும்பவும் நடந்தான்.

பாணமையோடு கடையும் ரோட்டும் முடிந்தன. உகந்தையில் கோயிலடியில் தண்ணீர் எடுத்தோம். குமணையில் நாலைந்து குடிசைகள்தான். காடு வெட்டி அவர்கள் விதைத்த சேனையைப் பன்றி தின்றுவிட்டிருந்தது. மிஞ்சிய குரக்கன் தானியத்திலும் ஒரு சிரட்டை எங்களுக்குத் தந்தார்கள். மேற்கே மலைப்பக்கம் இரண்டு நாளாகவே கறுத்துக் கிடந்தது. எங்கள் மேல் பெரிதாக ஒரு மழையும் பெய்யவில்லை. ஆனால் கும்புக்கன் ஆற்றுக்கு வந்து சேர்ந்தபோது, முழங்கால் தண்ணீர் என்று கேள்விப்பட்டிருந்த ஆறு செம்மண் நிறத்தில் கரை முட்டி ஓடியது. வேரோடு ஒரு மரம் எங்களைக் கடந்து போனது.

கரையில் எங்களுக்கு முன்னமே இரண்டு பேர் இருந்தார்கள். ஆலையடிவேம்பில் இருந்து நேர்த்திக்கடனுக்குப் போகிற புருசனும் பெண்சாதியும். தென்னையில் இருந்து விழுந்து இரண்டு வருசம் பாயில் கிடந்தவர் அவர். கால் திரும்பக் கிடைத்தால் நடந்து வருகிறேன் என்று முருகனுக்குச் சொல்லியிருந்தாராம். தடி ஊன்றித்தான் நடப்பார். மூட்டையை அந்த அக்காதான் சுமந்தார். காட்டு வழி காட்டக் குமணை ஆள் ஒருவன், தன் சாப்பாட்டைத் தானே முடிந்துகொண்டு, அவர்களோடு வந்திருந்தான். அவன் ஆற்றைப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று நாளைக்கு அசையக் கூடாது என்றான்.

என் கணக்கில் நிற்கிற நாள் என்று ஒன்று இல்லை. நடக்காமல் நின்று தின்ற ஒவ்வொரு சுண்டு அரிசியையும் மனதுக்குள் கழித்துக்கொண்டே இருந்தேன். கரையில் மேலும் கீழும் நடந்தேன். ஒரு தடியை நட்டுத் தண்ணீர் மட்டம் பார்த்தேன். தண்ணீர் தடியைக் கொண்டு போனது.

"தம்பி, நீங்க இந்தக் கரையில நடந்த நடைக்கு இப்ப கதிர்காமம் போய்ச் சேர்ந்திருப்பீங்க" என்றார் அந்த அண்ணன், மரத்தில் சாய்ந்தபடி. மச்சான் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு எப்படியோ அழுகையாகிவிட்டது. மச்சான் எழுந்து விறகு பொறுக்கப் போய்விட்டான். அந்த இருவரிடமும் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

அக்கா நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "பெத்தவ இப்ப என்ன செய்யிறா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அடுப்படியில் இருப்பாள் என்று சொன்னேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. அவள் அரைத்த மாசித் தூள் எத்தனை இறாத்தல் என்று தெரியும்.

அவர்களுடைய அரிசி வழியில் ஓர் ஓடையில் நனைந்துபோயிருந்தது. அக்கா கல்லில் பரப்பி உலர்த்திப் பார்த்தார். புளித்து மணக்கத் தொடங்கிவிட்டது. நாங்கள் ஒரே உலையில், ஆளுக்கு அரை வயிற்றுக்கு மட்டும் பொங்கினோம். விரதக்காரர் என்பதால் மாசித் தூளைத் தொடவில்லை. வறுத்த தேங்காயைச் சோற்றில் போட்டுத் தின்றுவிட்டு, "ஆர் தம்பி இப்பிடி வறுத்தது? நல்ல கைப்பக்குவம்" என்றார் அக்கா.

தண்ணீர் இறங்கியபோது எல்லாவற்றையும் ஒரு சாரனில் கொட்டிப் பார்த்தோம். முன்னால் கிடந்தது முழுக் காடு. நாங்கள் இருவரும் வேகமாக நடந்தால் மட்டுமட்டாகக் காணும். நாலு பேருக்குப் பாதி வழிக்குக்கூடக் காணாது. அந்த அண்ணனுடைய நடையில் நாளைக்கு ஐந்து மைல் போனாலே பெரிது.

"நாங்க திரும்பிறம், நீங்க போங்க தம்பி" என்றார் அக்கா. அண்ணன் தன் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து கொஞ்ச தூரம் போய் ஆற்றைப் பார்த்தேன். அந்தக் கரையில் பாதை தெரிந்தது. கால் தவித்தது, பொய் சொல்ல மாட்டேன்.  திரும்பி வந்து, பாணமைக்குப் போய்ச் சேர எங்கள் இருவருக்கும் வேண்டியதை மட்டும் ஒரு துணியில் முடிந்தேன். மீதியை அக்காவின் சாக்கில் கொட்டினேன். பத்தாததற்குக் காட்டில் கிழங்கும் தேனும் எடுத்துத் தருவேன் என்றான் குமணை ஆள்.

"என்ன தம்பி இது?"

"நீங்க போங்க. எங்கட பள்ளிவாசலிலயும் போய் எங்களுக்கு ஒரு வார்த்தை கேளுங்க."

"முருகனிட்டயும் கேக்கிறன், உங்கட பள்ளியிலயும் கேக்கிறன்" என்றார். குமணை ஆள் அண்ணனை முதுகில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீர். அக்கா சாக்கைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். அந்தக் கரை ஏறிக் கையை அசைத்தார்கள். பிறகு காடு மறைத்துவிட்டது.

திரும்பும்போது மச்சான் முன்னால் நடந்தான். நான் அவன் நடைக்கு நடந்தேன். பொத்துவிலில் பஸ் ஏறினோம்.

பையின் எடையைக் கையில் வாங்கியதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. "போய்ச் சேரல்லயா?" என்றாள். இல்லை என்றேன். குசினியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் இருந்து சொன்னேன். அக்கா கேட்ட கேள்வியைச் சொன்னபோது அவள் அடுப்பில் இருந்து கையை எடுத்தாள். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். சோறு அடிப்பிடித்தது. மாமி வந்து இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மூன்று மாதம் கழித்து, கதிர்காமம் போய் வந்த அந்த இருவரும் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள். அண்ணன் தடியோடுதான் வந்தார், ஆனால் பஸ் நிற்கிற இடத்தில் இருந்து நடந்தே வந்திருந்தார். அக்கா நேரே குசினிக்குள் போய் என் மனைவியோடு நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார். 

அடுத்த வருசம் நானும் அவளும் பஸ்ஸில் கதிர்காமம் போனோம். மலை வளைவுகளில் அவளுக்குத் தலை சுற்றி, வழியெல்லாம் வாந்தி. திஸ்ஸமகாராமையில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். "இனி நான் பஸ்ஸில ஏற மாட்டன். இங்கால நடப்பம்" என்றாள். பத்து மைலுக்கு மேல் இருக்கும் என்றேன். அவள் குடையை விரித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். மாட்டு வண்டிக்காரர்கள் ஏறச் சொல்லிக் கேட்டார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். பல இடத்தில் நான் ஓடித்தான் அவளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பள்ளிவாசலில் துஆக் கேட்டுவிட்டு மர நிழலில் படுத்தவள், படுத்த உடனே தூங்கிப்போனாள். எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. எழும்பி அந்த மரத்தையே சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன், அவள் கண் விழிக்கும்வரை.