ரெஜினா மேடத்தின் சனிக்கிழமைத் தோட்டம்

பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பு வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஓடிப்போய் எடுத்தேன். ரெஜினா மேடத்தின் தம்பி பேசினார். “அக்கா போயிட்டாங்க வசந்தா மேடம். காலையில பூசைக்குப் போயிட்டு வந்து காப்பி கலந்துகிட்டு இருந்தாங்க. அப்படியே உக்காந்தாங்க. எழுந்திருக்கவே இல்ல.”

எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம். முந்தின நாள் மாலைதான், “நாளைக்கு வர்றப்ப உங்க வேலியிலேருந்து கொஞ்சம் பிரண்டை ஒடிச்சிட்டு வா, மறந்துடாத” என்று எனக்கு உத்தரவு போட்டிருந்தார். கேட்டவர் வாங்கிக்கொள்ள இருக்க வேண்டாமா? பிரண்டையைப் பையில் போட்டு வாசலில் வைத்திருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அழுதேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த எங்கள் கல்லூரியில் அவர் தாவரவியல், நான் விலங்கியல். எண்பதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவர் மூத்த விரிவுரையாளர். கோவில்பதாகையிலிருந்து பஸ் மாறி மாறி வருவார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை மடிப்புக் கலையாது; ஆனால் விரல் நகங்களில் எப்போதும் மண் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், “ஞாபகம் இல்லாமப் போச்சுங்க” என்று சிரிக்காமல் சொல்லுவார். எனக்கோ, செடி என்றால் சாம்பாரில் விழுந்த பிறகுதான் அக்கறை. அதைச் சொல்லித்தான் அவரை ஓயாமல் வம்புக்கிழுப்பேன்.

கல்லூரிக் கட்டடத்துக்குப் பின்னால் தாவரவியல் தோட்டம் இருந்தது. தேர்வு நெருங்கும்போது மாணவிகள் வந்து, தகரப் பலகையில் இருக்கும் லத்தீன் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். செடியை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். இதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் மேடம் சிறுபிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினார். முதலில் பக்கத்து ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் பளபளக்கும் ஷூவோடு வேனில் வந்து இறங்கினார்கள். ஷூவைக் கழற்றச் சொல்வதுதான் முதல் பாடம்.

சிறுகுறிஞ்சான் இலையைக் கிள்ளி மெல்லக் கொடுப்பார். பிறகு ஆளுக்குக் கொஞ்சம் சர்க்கரை. நாக்கில் தித்திப்பே தெரியாது, மணலைத் தின்பது மாதிரி இருக்கும். “மிஸ், சர்க்கரை கெட்டுப்போச்சு!” என்று பிள்ளைகள் கத்துவார்கள். “சர்க்கரை நல்லாத்தான் இருக்கு. உங்க நாக்கைத்தான் இந்தச் செடி ஏமாத்திடுச்சு” என்பார். நானும் மென்று பார்த்தேன். அன்று ஸ்டாஃப் ரூம் காப்பி கசாயமாக இருந்தது. அவரைத் திட்டிக்கொண்டே குடித்தேன்.

அந்த வகுப்புக்கு ஒரே ஒரு விதி. “நான் வாயில போட்டு மென்னதுக்கு அப்புறம்தான் நீங்க மெல்லணும். நான் மெல்லாததைத் தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க. வாயில மட்டும் வைக்கக் கூடாது.” எந்த இலையானாலும் முதலில் அவர்தான் மெல்லுவார்.

தோட்டத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு காலனி. வயல் வேலையை விட்டு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்குப் போய்வரும் குடும்பங்கள். அந்தப் பிள்ளைகள் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து வகுப்பை வேடிக்கை பார்க்கும். வாட்ச்மேன் கழியோடு விரட்டுவார். ஒரு சனிக்கிழமை மேடம் அவர்களை அண்ணாந்து பார்த்து, “விழுந்து கையை ஒடிச்சிக்காதீங்க. சுத்தி வந்து கேட்டு வழியா உள்ள வாங்க” என்றார். வந்தார்கள். வேனில் பிள்ளைகளை அனுப்பிய சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். “கிள்ளுற கை யாரோடதுன்னு இலை கேக்கறதில்லீங்க” என்று சொல்லிவிட்டு மேடம் தன் வேலையைப் பார்த்தார்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தக் கிராம்பு வரும்வரை.

அன்று அவருக்குப் பல்வலி. கடைவாயில் கிராம்பை அடக்கி மென்றுகொண்டே பாடம் நடத்தினார். கையில் காட்டாமணக்குக் காய். “இது விஷம், இதை யாரும் வாயில வைக்கக் கூடாது” என்று சொல்லி முடித்துவிட்டார். காலனிப் பிள்ளைகளுக்கு அன்று குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் வேலை. தாமதமாக வந்து கடைசியில் நின்றார்கள். விஷம் என்று சொன்னது அவர்கள் காதில் விழவில்லை. பார்த்தது இதைத்தான்: டீச்சர் கையில் காய், டீச்சர் வாய் அசைகிறது. வீட்டுக்குப் போகும் வழியில் வேலியில் அதே காயைப் பறித்து உடைத்துத் தின்றார்கள். குறும்புக்குத் தின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர் போட்ட விதிப்படி தின்றார்கள், ஐயோ!

அன்று மாலையே வாந்தி. செல்வி என்ற பெண்ணுக்குத்தான் அதிகம். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் மேடமும் போய்ச் சேர்ந்தபோது செல்வியின் அம்மா கண்ணம்மா வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார். “இன்னா டீச்சரே, படிப்பு சொல்லித் தரேன்னு கூட்டிகினு போயி எம்புள்ளைக்கு வெசத்த துன்னக் கத்துக் குடுத்துக்கீறியே, நீ நல்லா இருப்பியா?” மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “என் தப்புதாம்மா. நான் மென்னதைப் பாத்துத்தான் தின்னிருக்காங்க” என்றார். செல்வி கண் திறந்து கஞ்சி கேட்கும்வரை அந்த வராந்தாவை விட்டு நகரவில்லை. கர்த்தர் புண்ணியத்தில் எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடியது. அப்போதைய முதல்வர் கெட்டவரல்ல. மேடத்தின் மேல் மதிப்புள்ளவர். எங்களைத் தனியே அழைத்து வழி சொன்னார். “அந்தப் பசங்க சுவரேறிக் குதிச்சுத் திருடித் தின்னாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். உங்களுக்கும் பிரச்சினை இல்லை, சனிக்கிழமை வகுப்பும் நடக்கும். காலனிப் பசங்களை மட்டும் இனிமே விட வேண்டாம்.”

மேடம் யோசிக்கக்கூட இல்லை. “நான் கூப்பிட்டு, கேட்டு வழியா வந்த பிள்ளைங்க சார். வந்த இடத்துல திருடங்கன்னு பேர் வாங்கிக் குடுக்க மாட்டேன்.” குழுவின் முன்னாலும் அதையே சொன்னார்.

வகுப்பை நிறுத்தினார்கள். தோட்டப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஒரு வார்த்தைதானே மேடம்! சொல்லியிருந்தா வகுப்பு நடந்திருக்கும் இல்ல?” என்று பஸ் ஸ்டாப்பிலேயே சத்தம் போட்டேன். “நடந்திருக்கும் வசந்தா. அதை எந்த மூஞ்சியை வெச்சிகிட்டு நடத்துறது?” என்றார். சனிக்கிழமைகளில் அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டாஃப் ரூம் ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்திருப்பார். தோட்டம் தெரியும் ஜன்னல் அது.

குழுவில் அவர் சொன்னது வாட்ச்மேன் மூலமாகக் காலனிக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் மாலை கேட்டுக்கு வெளியே கண்ணம்மா, கம்பெனி காக்கிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். “எம்புள்ளைய திருடின்னு சொல்லச் சொன்னாங்களாமே, நீ மாட்டேன்னுட்டியாமே. எங்க தெருவாண்ட வா டீச்சர். அங்க மட்டும் செடி மொளைக்கலியா இன்னா? ஆனா ஒண்ணு, கிராம்பு கிராம்புன்னு வாயில அடக்கிகினு வராத!” மேடம் சிரித்தார். வகுப்பு நின்ற பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த வாரச் சனிக்கிழமை முதல் தொண்ணூறுகள் நெடுக வகுப்பு காலனித் தெருவில் நடந்தது. வேலியோரமும் ஏரிக்கரையும்தான் தோட்டம். தொடங்குமுன் மேடம் வாயை அகலத் திறந்து காட்டுவார். பிள்ளைகள் எட்டிப் பார்த்து, “காலி!” என்று கூவிய பிறகுதான் பாடம். எறும்புப் புற்றையும் மண்புழுவையும் காட்ட என்னையும் இழுத்துப்போனார். வேலைக்குப் போகாத நாட்களில் அம்மாக்களும் வந்து நின்றார்கள். கண்ணம்மா எல்லாருக்கும் முன்னால் நின்று, பிள்ளைகளைவிட அதிகமாகக் கேள்வி கேட்டு உயிரை வாங்குவார். ஆனால் எத்தனை வருடமானாலும் அந்தப் பிள்ளைகளைக் கல்லூரித் தோட்டத்துக்குள் அழைத்துப்போக மேடத்தால் முடியவே இல்லை. “அது ஒண்ணுதான் வசந்தா” என்பார்.

அடக்கத்துக்கு முன் கல்லூரியில் அஞ்சலி செலுத்த, அவர் உடலைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கேட்டில் ஏதோ சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் காலனியே திரண்டு நிற்கிறது. “ஸ்டாஃபு, ஸ்டூடண்ட்ஸ் மட்டுந்தாம்மா உள்ள” என்று புது வாட்ச்மேன் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆவேசத்தில் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அதற்குள், தலை நரைத்த கண்ணம்மா முன்னால் வந்தார். இடுப்பில் பேரன், பக்கத்தில் செல்வி.

“ஸ்டூடண்ட்டுதாம்பா நாங்க. ரெஜினா டீச்சர் கிளாஸு. கதவத் தொற.”

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். கதவு திறந்தது.

போய் வாருங்கள் மேடம். உங்கள் பிள்ளைகள் எல்லாரும் தோட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.