மூன்று வாரம் சும்மா இருந்த கட்டைவிரல்

புது போன் கைக்கு வந்தால் இம்மானுவேல் திரையின் அழகைப் பார்ப்பதில்லை. கட்டைவிரலைச் சட்டையில் இரண்டு முறை துடைத்துக்கொள்கிறார். விரல் ரேகையைப் பதிவு செய்யும் இடத்துக்குப் போகிறார். இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று போன் கெஞ்சக் கெஞ்ச, பொறுமையாக அழுத்துகிறார். பதிவானதும் பத்து தடவை பூட்டிப் பத்து தடவை திறக்கிறார். ஏழுக்குக் குறைவாகத் திறந்தால் கொண்டுவந்தவரிடமே பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். "இது ஆபீஸ்காரனுக்கு செஞ்ச போனு. நமக்கு ஆவாது."

இந்தச் சோதனை நடக்கும் இடம், ஆரம்பாக்கத்தில் நாங்கள் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கும் காலை ரயில். இம்மானுவேலுக்கு நாற்பத்து மூன்று வயது. சிப்காட்டில் ஓர் இரும்பு வார்ப்பாலையில் பத்தொன்பது வருடமாக கிரைண்டிங் பிரிவில் நிரந்தரத் தொழிலாளி. வார்த்தெடுத்த இரும்பின் பிசிறுகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது வேலை. இரும்போடு சேர்ந்து விரலும் தேயும். அவருடைய கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்; கோடு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. நான் அந்த ஆலைக்கு எதிரே உள்ள லாரி அலுவலகத்தில் பில் எழுதுகிறவன். என்னைப் போன்றவர்கள்தான் அவர் சொல்லும் ஆபீஸ்காரர்கள்.

புது மாடல் வெளியாகும் நாளில் ரயிலில் அவரைச் சுற்றி இடம் கிடைக்காது. என்ன வந்திருக்கிறது என்று கேட்டால் அலுத்துக்கொள்வார். "இன்னா புதுசு? போன வருசம் கேமரா வட்டமா இருந்திச்சி, இந்த வருசம் சதுரமாக்கிக்கினான். அதுக்கு ஒரு விழா!" மெகாபிக்சல் கணக்கைச் சொன்னால் சிரிப்பார். போனுக்குள் இருக்கும் செயற்கை அறிவைப் பற்றிச் சொன்னால் கோபமே வந்துவிடும். "கவிதை எழுதுமாம். என் வெரலு எதுன்னு தெர்ல, இதுக்கு அறிவாம்!" இவ்வளவு ஏசுகிறவர் எல்லா அறிமுக விழாக்களையும் விடாமல் பார்த்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

வாட்ஸ்அப்பில் 'நம்ம கை' என்று ஒரு குழு வைத்திருக்கிறார். இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். பாதிப் பேரை அவருக்கே தெரியாது. எழுதமாட்டார், பேசித்தான் அனுப்புவார். வெயிலில் திரை தெரிகிறதா, ஸ்பீக்கர் மெஷின் சத்தத்தை மீறிக் கேட்கிறதா, சட்டைப்பையிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தால் தாங்குமா என்று வரிசையாகப் போகும். கடைசியில் விரல் விஷயம் வரும். 'இமானு சொல்லிட்டாரு' என்றால் போதும், ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் அந்த மாடல் இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

வீட்டில் தானே பாகம் பாகமாகச் சேர்த்து வேகம் கூட்டிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரே மேசை மின்விசிறியைச் சுழல விட்டிருக்கிறார். அவர் மனைவி மெர்சிக்கு அதில் தீராத வருத்தம். "மனுசங்க வேர்த்து வடியறோம், பொட்டிக்குக் காத்து!" பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப்கள் தெருவில் எங்கே முடங்கிக் கிடந்தாலும் இவரிடம் வரும். ஒரு எஸ்எஸ்டி, கொஞ்சம் ராம் மெமரி மாட்டி ஓடவைத்துத் தருவார். இந்த வருடம் அதற்கும் கஷ்டம். "ராமு வெல ஏன் ஏறுதுன்னு தெரியுமா சார்? எங்கியோ ஏஐ-க்கு கட்டடம் கட்றானுங்க. அவனுங்க வாரிக்கினு போனதுல மிச்சம் இருந்தாதான் நமக்கு." இதைச் சொல்லும்போது மட்டும் ஒரு விவசாயி மழையைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

போன ஜூலையில் அவருக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம் படுக்கை. உடன் வேலை செய்யும் தணிகாசலம், நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போகும் பழத்தையும் பிரெட்டையும் விட்டுவிட்டு, அன்றுதான் வாங்கிய புது போனைக் கொண்டுபோனார். இம்மானுவேல் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். படுக்கையிலேயே சோதனை நடந்தது. பத்துக்குப் பத்து. அவர் வாழ்நாளில் அதுவரை எந்த போனும் எடுக்காத மதிப்பெண். சாயங்காலமே குழுவில் அவர் குரல் வந்தது: "தொட்டா தொறக்குது. கண்ண மூடிக்கினு வாங்கு." போனின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதச் சொல்லி அவர் கேட்கிறார். அது தனக்குத் தண்டனையாக இருக்கட்டும் என்கிறார்.

எங்கள் பெட்டியில் மட்டும் ஒன்பது பேர் வாங்கினோம். நானும் வாங்கினேன். செண்பகமும் வாங்கினாள். அதே ஆலையில் ஒப்பந்தக்காரரின் கீழ் மணல் அச்சுப் பிடிக்கும் வேலை அவளுக்கு. அதுவரை கணவரின் உடைந்த போனை வைத்திருந்தவள், தன் பெயரில் பில் போட்டு வாங்கிய முதல் போன் அது.

ஆகஸ்டில் ஒப்பந்தக்காரர் வருகைப் பதிவை போனுக்கு மாற்றினார். கேட்டில் நின்று ஆப்பைத் திறந்து விரல் வைக்க வேண்டும். ரகசிய எண்ணை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வராதவருக்கும் வருகை போட்டுவிடுகிறார்கள் என்று அந்த வழியை அடைத்துவிட்டார். முகம் காட்டினால் போன் திறக்கும், ஆப் திறக்காது. மாதத்தில் மூன்று நாள் வருகை விழாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். செண்பகத்துக்கு முதல் வாரத்திலேயே இரண்டு நாள் விழவில்லை. இரண்டு நாளும் அவள் உள்ளே போய் வேலை செய்துவிட்டுத்தான் வந்தாள்.

"பத்து வெரலும் வெச்சிப் பாத்துட்டேண்ணா," என்று ரயிலில் இம்மானுவேலிடம் வந்து நின்றாள். "கால் வெரலுதான் பாக்கி." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

இம்மானுவேல் அவள் போனை வாங்கித் தன் விரலைப் பதிய முயன்றார். முடியவில்லை. தணிகாசலத்தின் போனைக் கேட்டார். ஜூலையில் பதிந்த இம்மானுவேலின் ரேகை அதில் இன்னும் இருந்தது. வைத்தார். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். பத்துக்கு ஒன்றுகூட இல்லை.

"சாஃப்ட்வேர் அப்டேட் ஏதாச்சும் வந்து கெடுத்துட்ச்சா இமானு?" என்றார் தணிகாசலம்.

இம்மானுவேல் ஜன்னல் வெளிச்சத்தில் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரயில் எளாவூரைத் தாண்டியபோது விஷயம் பிடிபட்டது. "போனு கெடல. மூணு வாரம் மிஷின் தொடாம படுத்துகினு இருந்தேன் இல்ல? தோலு வளந்து கோடு வந்துட்ச்சி. நான் சும்மா இருந்த வெரலால டெஸ்ட் பண்ணிட்டு, வேல செய்ற வெரலுக்கு வாங்கச் சொல்லிட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் போன் ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை, பேனா பிடிக்கிற விரலை அதற்கு நன்றாகவே தெரிகிறது. மற்ற ஏழு பேரும் நிரந்தரத் தொழிலாளிகள், கேட்டில் அட்டை தேய்ப்பவர்கள். அவர்களுக்கு இது வெறும் எரிச்சல். செண்பகத்துக்கோ வேலையே போகும்.

அன்று மதியமே இம்மானுவேல் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசரிடம் போய் நின்றார். "ஆப்பு மேலருந்து வந்தது, நான் இன்னா பண்ண முடியும்?" என்ற பதிலோடு திரும்பினார். சாயங்காலம் குழுவில் குரல் வந்தது. இரண்டு நிமிடம் பேசுகிறவர் அன்று அரை நிமிடம்கூடப் பேசவில்லை. "நான் சொன்னது தப்பு. கையில வேல செய்றவங்க யாரும் அத்த வாங்காதீங்க." அதற்குக் கீழே யாரோ கேலிப் பொம்மைகள் போட்டார்கள்.

அவருடைய சொந்த போன் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் காத்திருந்து போன பொங்கலுக்கு வாங்கியது. ஒலி அலையால் ரேகையைப் படிக்கிற ரகம்; ஈரக் கையோ தூசிக் கையோ, பத்தில் ஒன்பது தடவை திறந்துவிடும். வாங்கிய அன்று பெட்டி முழுக்கக் கைமாற்றிக் காட்டினார். ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை அதைத் திறக்கிறார் என்று அந்த போனே கணக்குச் சொல்வதைப் பெருமையாகக் காட்டுவார்.

மறுநாள் காலை ரயிலில், செண்பகத்தின் போனை வாங்கி அதன் சிம்மை ஊசியால் வெளியே எடுத்து, தன் போனில் போட்டார்; தன் சிம்மை அவள் போனில் போட்டுக்கொண்டார். தன் படங்களையெல்லாம் ஏற்கெனவே கம்ப்யூட்டருக்கு மாற்றித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். ஆப்பை ஏற்றி, அவள் விரலைப் பதிந்தார்கள். கட்டைவிரல் விழவில்லை. ஆள்காட்டி விரல் விழவில்லை. இடது மோதிர விரல் ஐந்தாவது முயற்சியில் விழுந்தது.

"வாணாண்ணா, இது ஒங்க உசுரு," என்றாள்.

"எனக்கு அட்ட கீது மா. ஒனக்கு இன்னா கீது?"

நான் என் அலுவலக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டில் அவளுக்கு முன்னால் நான்கு பேர். அவள் முறை வந்தது. விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு திரையைத் தலைக்கு மேலே தூக்கி, பின்னால் நின்ற இம்மானுவேலிடம் காட்டினாள். பச்சை நிறம் எனக்கே தெரிந்தது.

இம்மானுவேல் தலையை மட்டும் ஆட்டினார். அவர் வரிசையை விட்டு ஓரமாக நகர்ந்து, இப்போது தன்னுடையதாகிவிட்ட அவள் போனை எடுத்தார். பழக்கத்தில் கட்டைவிரல் தானாகப் போய் அமர்ந்தது. திரை நடுங்கியது, திறக்கவில்லை. விரலை எடுத்துவிட்டு, உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்த ரகசிய எண்ணின் ஆறு இலக்கங்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக அழுத்தினார்.