தராசுக்குள் ஓடும் ஆட்டம்

என் சின்ன மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை, காப்பி ஆறுவதற்குள் எங்கள் மாங்காய்க் கொட்டகையின் எடைமெஷினைக் குனிந்து பார்த்துவிட்டார். எனக்கு அவர்மேல் சந்தேகம் விழுந்தது அந்த இடத்தில்தான்.

அது பறிப்புக் காலம். பாலக்காட்டுப் பக்கம், எங்கள் முதலமடையில் அந்த மாதங்களில் யார் வந்தாலும் கொட்டகைக்குத்தான் வர வேண்டும்; வீட்டில் பூட்டு தொங்கும். தோப்பும் கொட்டகையும் என் பேரில் இருக்கின்றன. வீட்டுக்காரர் போன பிறகு நான்தான் நடத்துகிறேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எங்கள் எடையை மறு எடை போட்டுப் பார்த்த வியாபாரி இதுவரை கிடையாது. லாரிக்காரர்கள்கூட எங்கள் கொட்டகைச் சரக்கு என்றால் அப்படியே ஏற்றிக்கொள்வார்கள்.

மகள் பக்கத்திலிருக்கும் சித்தூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இதற்கு முன் வந்த இடங்கள் என் விசாரிப்பால்தான் தட்டிப்போயின என்பது அவள் எண்ணம். அது பொய்யும் இல்லை. இந்த இடமும் போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், என் மகள் அல்லவா.

மாப்பிள்ளை வடகரப்பதிக்காரர். கோயமுத்தூரில், கடைகளில் பில் போடும் மெஷின்களை ரிப்பேர் பார்க்கும் வேலை. எடைமெஷினைப் பார்த்தவர் நிமிர்ந்து, "இதுலகூட ஓட்டலாமுங்க" என்றார்.

"என்னத்த?"

"ஒரு ஆட்டமுங்கம்மா. சின்ன வயசுல நாங்க கம்ப்யூட்டர்ல ஆடுன துப்பாக்கி ஆட்டம். ஒருத்தன் பேய்ங்களச் சுட்டுட்டே போவான். அத உண்டாக்குன கம்பெனிக்காரங்க, அது எப்படி ஓடுதுங்கற புரோகிராம் எழுத்தையெல்லாம் பின்னால ஊருக்கே தெறந்து குடுத்துட்டாங்க. எங்களாட்ட பிரியப்பட்டவங்க அத எடுத்து, வேற வேற மெஷின்ல ஓடறாப்பல மாத்தி எழுதறோமுங்க. நான் பில் மெஷின்ல ஓட்டியிருக்கறனுங்க."

"அதுக்கு எவ்வளவு குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"செரி, யாரு செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."

கூட வந்திருந்த தரகர் நடுவில் புகுந்தார். "அதொண்ணும் சாரமில்லீங்கக்கா, பெருசா எடுத்துக்காதீங்க. நம்ம சீட்டாடறதில்லயா, அதாட்ட."

எனக்கு அது சீட்டாட்டமாகத் தெரியவில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு மாடு வாங்கினால்கூடத் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அப்படியிருக்க, தன் தொழிலின் சூட்சுமத்தை எந்தக் கம்பெனிக்காரன் ஊருக்குத் திறந்து வைப்பான்? வைத்தான் என்றே இருக்கட்டும், கூலியில்லாமல் அதில் உட்கார்ந்து உழைப்பவன் யார்? எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று. பில் போடும் மெஷினுக்குள் இல்லாத ஒன்றைக் கொண்டுபோய் வைக்கத் தெரிந்தவருக்கு, என் எடைமெஷினுக்குள் புகுந்து பத்துக் கிலோவை ஒன்பதரை ஆக்க எவ்வளவு நேரமாகும்?

அவர்கள் போனதும் பரணில் கிடந்த பழைய இரும்பு எடைக்கல்லை இறக்கி மெஷினில் வைத்துப் பார்த்தேன். சரியாகக் காட்டியது. சரியாகக் காட்டியும் எனக்கு நிம்மதியாக இல்லை. ஒரு சாக்கை எடுத்து மெஷின்மேல் போர்த்தினேன்.

மகள் பார்த்துவிட்டாள். "என்னம்மா, தராசுக்கு முக்காடு போட்டாச்சா? அதையும் யாராச்சும் பொண்ணு பாக்க வர்றாங்களா?"

சாக்கின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

அடுத்த வாரம், வீட்டுக்காரரின் அக்காள், என் நங்கையாளையும் கூட்டிக்கொண்டு வடகரப்பதிக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் இடம் விசாரிக்கப் போகிறவர்கள் விசாரிக்க வந்தோம் என்று சொல்ல மாட்டார்கள். நாங்கள் தோப்புக்கு எரு விலை கேட்க வந்தவர்கள். டீக்கடைக்கார அம்மாளிடம் எருவில் ஆரம்பித்துப் பேச்சை மெதுவாக அந்த வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

"அந்தத் தம்பிங்களா? மிக்ஸி நின்னு போனாக் கொண்டுபோய்க் குடுத்தா, செரி பண்ணிக் குடுக்குமுங்க. காசு வாங்காது."

இங்கேயும் காசு வாங்குவதில்லை. திரும்பி வருகையில் பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். நங்கையாள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "போன மாப்பள காசுக்கு அலையறான்னு வேண்டாம்னே. இவன் காசே வாங்கலன்னு வேண்டாங்கறே. ஒண்ணு செய்யி, உன்ற எடைமெஷினுக்கே பொண்ணக் கட்டி வெச்சுரு."

பறிப்பு ஓயும் நேரத்தில் தரகர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, அந்தப் பையன் நமக்கு ஒத்து வராதுங்க. குடுக்கக் கைய நீட்ட மாட்டான்."

"என்ன கேட்டீங்க?"

"அந்த ஆட்டந்தானுங்க. நானும் அந்தக் காலத்துல பாலக்காட்டுல மணிக்கு இத்தனைன்னு காசு குடுத்து ஆடுனவன். என்ற போன்ல போட்டுக் குடுங்க மாப்பளன்னு கேட்டேன். ஓட்டற எழுத்து மட்டுந்தான் சும்மாவாம். உள்ள வர்ற படம், சத்தம், பேய், எல்லாம் கம்பெனிக்காரனுதாம். அத அவன் இன்னமும் விக்கறானாம், காசு குடுத்துத்தான் வாங்கோணுமாம். ஊரே சும்மா எடுத்து ஆடுதுங்க. அவரு கல்யாணம் என்ற கைல இருக்குது, எனக்கே இல்லீங்கறாரு."

அவர் பொருமிக்கொண்டே இருந்தார். நான் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோப்பின் கிணற்றுமேட்டில் நல்ல ஜாதி மரம் ஒன்று நிற்கிறது. ஒட்டுக் கட்ட ஒரு கொம்பு வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்வதில்லை. மாமனார் காலத்திலிருந்தே அப்படி. வெட்டிக்கொண்டு போய் அவரவர் கன்றில் கட்டி, அவரவர் மண்ணில் வளர்த்துக்கொள்ளலாம். நாங்கள் அதற்கு ஒன்றும் வாங்குவதில்லை. ஆனால் கொம்பு வெட்ட வந்தவன் போகிற போக்கில் ஒரு காயைக் கிள்ளினால், பிறகு அவனுக்கு எங்கள் வேலிக்குள் இடமில்லை. சொந்தக்காரர் ஒருவரையே அப்படி நிறுத்தியிருக்கிறோம்.

அந்தக் கம்பெனிக்காரன் கொம்பைக் கொடுத்திருக்கிறான், காயைக் கொடுக்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதை முதல் நாளே இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு எரு விசாரிக்கும் வேலை மிச்சம்.

ஆனாலும் மனம் அடங்கவில்லை. தரகரும் மாப்பிள்ளையும் பேசி வைத்துக்கொண்டு என்னிடம் இந்தப் பேச்சைக் கொண்டு வந்திருக்கலாம் அல்லவா? மகளுக்குத் தெரியாமல் அவரை மறுபடி கொட்டகைக்கு வரச் சொன்னேன். வந்தார். உட்காரச் சொல்லிவிட்டு என் போனை நீட்டினேன்.

"தம்பி, அந்த ஆட்டத்த இதுல போட்டுக் குடுங்க. படம், சத்தம், பேய், ஒண்ணு விடாம."

அவர் போனை வாங்கவில்லை. "ஓட்டறதுக்கு வேண்டியத இப்பவே போட்டுத் தர்றனுங்கம்மா. மத்தது வாங்கோணுமுங்க. நானே உங்க பேர்ல வாங்கித் தர்றனுங்க."

"வாங்கறது எதுக்கு? நீங்க வாங்குனது உங்க போன்ல இருக்குதில்ல. அதையே எடுத்து இதுல போட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாதுங்க."

"தரகருக்கு இல்லீன்னீங்க, செரி, அவரு ஊராளு. நான் பொண்ணு குடுக்கறவ."

அவர் என்னையும் பார்த்தார், சாக்குப் போர்த்திய மெஷினையும் பார்த்தார். "அது தெரியுமுங்க" என்றார். போனை என் பக்கமே தள்ளி, "ஆனாக் குடுக்க மாட்டனுங்கம்மா" என்றார்.

எழுந்து போய்ச் சாக்கை எடுத்துவிட்டேன். "பாக்கோணும்னா பாத்துக்குங்க. கை வெக்கப்படாது."

சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்ததும், வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்க்கலாம் என்றேன். ஏன், எப்படி என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முகம் கழுவப் போனாள். எதையும் துருவித் துருவிக் கேட்கிறவள், இதைக் கேட்கவில்லை. அவள் அந்தக் கிணற்றுமேட்டு மரத்தடியிலேயே வளர்ந்தவள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எனக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏங்கண்ணு, நம்ம தோப்புல கொம்பு வெட்ட வர்றவங்க கதைய அவருகிட்ட எப்பவாச்சும் சொன்னயா?"

"எந்தக் கதை?" என்றாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மருமகன்மேல் ஒரு குறை சொல்ல எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் பறிப்புக் காலத்தில் அவர் கொட்டகைக்கு வந்துபோனால், கார் வேலியைத் தாண்டியதும் அந்த இரும்புக் கல்லை எடுத்து மெஷினில் ஒரு தடவை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.