பாவாயி சொன்ன முடிவு

பள்ளிபாளையத்தில் அர்த்தநாரியின் தறிக்கூடத்தில் கூலிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டிருந்தாள் பாவாயி. புருஷன் அப்புசாமி செத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. செத்துப்போனான் என்று ஊர் சொல்லும். பாவாயி அப்படிச் சொல்ல மாட்டாள். சைக்கிள் இடித்துவிட்ட தகராறில், சாயப்பட்டறைக்காரர் ஒருவரின் மைத்துனன் அவனை அங்கமுத்துவின் டீக்கடை வாசலில், நல்ல பகலில், இரும்பு ராடால் அடித்துக் கொன்றான். கடை பெஞ்சு நிறைய ஆள். சேலம் கோர்ட்டில் விசாரணை வந்தபோது பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கண் அவிந்துபோயிருந்தது. அங்கமுத்து கூண்டில் ஏறி, பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்றான். மைத்துனன் கழுத்தில் மாலையோடு ஊர் திரும்பினான்.

அதற்கப்புறம் பாவாயி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போடுகிற அளவுக்குக்கூட அந்த ஊரை அவள் மதிக்கவில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். ஒரே மகள் சாலம்மாளை உள்ளூரில் இரண்டு இடத்தில் பெண் கேட்டு வந்தார்கள். முடியாதென்று சொல்லிவிட்டு, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஈரோட்டில் கட்டிக் கொடுத்தாள்.

எண்பத்தேழில் அர்த்தநாரி டீவி வாங்கினார். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அதில் கொலைத் தொடர் ஒன்று வந்தது. ஏதோ ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு டீச்சரம்மாவைக் கொன்றுவிடுகிறார்கள். நேரில் பார்த்தவன் ஒருத்தன் இருக்கிறான், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். ஒரு பாகம் ஓடி முடிந்தது. சனங்கள் கேட்கிறார்கள் என்று இன்னொரு பாகம் வந்தது. மூன்றாவதாக வந்ததுதான் கடைசி, இதோடு சரி என்று அறிவித்துவிட்டார்கள். அந்த நேரத்துக்குத் தறிகள் நின்றுவிடும். தெருவே அர்த்தநாரியின் கூடத்தில் அடைந்து கிடக்கும்.

முதல் வரிசையில் அங்கமுத்து. கடையைச் சாத்திவிட்டு, மூஞ்சி கழுவி, திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்கு வருவதுபோல வருவான்.

"ஏன்டா, பாத்ததச் சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு? நீயெல்லாம் சோத்தத்தான் திங்கறயா?" என்று டீவியில் தெரிந்த சாட்சியைப் பார்த்துக் கத்துவான். பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். கதவோரம் உட்கார்ந்திருக்கும் பாவாயி டீவியை விட்டுவிட்டு அவர்கள் முதுகைப் பார்ப்பாள். ஒருமுறை அங்கமுத்து துண்டால் கண்ணைத் துடைத்தபடி அவள் பக்கம் திரும்பினான்.

"பாத்தியா அம்மிணி, எப்பேர்ப்பட்ட கொடும!"

"பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றாள்.

கடைசி வாரம் அவள் ஊரில் இல்லை. சாலம்மாளுக்குக் குழந்தை பிறந்து ஈரோட்டுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து முடிவைப் பார்த்தாள். கோர்ட்டுக்குள் சாட்சிக்காரன் மூச்சிரைக்க ஓடி வந்து "இவன்தான்!" என்று கை நீட்டினான். கொலைகாரன் தலை குனிந்தான். பார்த்தவர்கள் கை தட்டினார்கள். பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் கேஸுக்காக எத்தனையோ தடவை சேலத்துக்குப் பஸ் ஏறியவள் அவள். இப்படி ஓடி வந்தவன் ஒருத்தனையும் கண்டதில்லை.

அதே நேரத்தில் பள்ளிபாளையத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்து ஊரே இருண்டு கிடந்திருக்கிறது. மறுநாள் காலையில் அவள் வேலைக்கு வந்ததுமே சூழ்ந்துகொண்டார்கள். டீத்தூக்கோடு வந்த அங்கமுத்து எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றான்.

"ஏம்மிணி, நீ ஈரோட்டுல பாத்திருப்பீல்ல? சாட்சி சொன்னானா அவன்?"

பாவாயி நூலை அறுத்து முடிச்சுப் போட்டாள்.

"இல்லீங்க. ஒண்ணும் பாக்கலைன்னுட்டானுங்க. கொன்னவன உட்டுட்டாங்க. மால போட்டு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

கூடம் கொதித்தது. அர்த்தநாரியின் மனைவி கண்ணாத்தாள், இதென்ன கருமம் பிடித்த கதை என்றாள். அங்கமுத்துவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"அதெப்படி உடுவாங்க? ஊரே பாத்திருக்குது! இப்படியும் ஒரு ஊரு இருக்குமா? எழுதுனவன் புத்தி கெட்டவனா இருக்கோணும்!"

பாவாயி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். காத்திருந்தாள். அந்த முகத்தில் எதுவும் அசையவில்லை. அவன் நடிக்கவில்லை, நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை. இந்த மனுஷன் மேலா ஒன்பது வருஷமாக ஆத்திரத்தைச் சுமந்தோம் என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. குனிந்து தாரைச் சுற்றினாள்.

இரண்டு நாளில் ஈரோட்டிலிருந்து வேலைக்கு வரும் காகித மில் ஆள் ஒருவன் மூலம் உண்மையான முடிவு டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. அங்கமுத்து வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"சாட்சி சொல்லிட்டானாமா, அம்மிணி! தர்மம் ஜெயிச்சிருச்சு. நீ என்னத்தப் பாத்தயோ போ!"

"எனக்கு அத்தன வெவரம் பத்தாதுங்க" என்றாள் பாவாயி.

படிக்காதவளுக்குக் கதை விளங்கவில்லை, பாவம் என்று கண்ணாத்தாள் எல்லோரிடமும் சொன்னாள். ஊர் சிரித்தது. பாவாயி அப்படியே விட்டுவிட்டாள்.

அடுத்த தை மாதம் சாலம்மாள் வந்து அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு பை, ஒரு தகரப்பெட்டி. பஸ்ஸுக்கு நின்றபோது, "சொல்லிக்க வேண்டியவங்க ஆராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"இல்ல சாமி" என்றாள் பாவாயி. பஸ் வந்ததும் முதலில் ஏறி, ஆறு தெரிகிற பக்கமாக இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.