கடைசி வரிசையிலிருந்து தெரிந்த முகம்

என் மகள் பிறந்த அன்று அவளைத் துடைத்துத் துணியில் சுற்றி எடுத்து வந்த நர்ஸ், என் கையில் கொடுப்பதற்கு முன்னால் வார்டில் இருந்த மற்ற நர்ஸ்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "இங்க வந்து பாருங்களேன், வரும்போதே ஜடை போடற அளவுக்கு முடியோட வந்திருக்கு!" நானும் எட்டிப் பார்த்தேன். நெற்றியோரம், காதோரம், பிடரி என்று எங்கே பார்த்தாலும் கருகருவென்று முடி. அதற்குக் கீழே, கன்னங்கள் இரண்டும் தாராளமாக இடம் எடுத்துக்கொண்ட அகலமான முகம். என் முடி. என் முகம். ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்கு இது எப்படி ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தது என்று அப்போது ஏற்பட்ட பிரமிப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. கூடவே ஒரு சின்னக் கவலையும் வந்தது. பாவம், இவளும் படப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடர்த்தியான முடிக்கு ஏங்கி எண்ணெய் பாட்டில்களாக வாங்கிக் குவிப்பவர்களிடம் என் கஷ்டத்தைச் சொன்னால் அடிக்க வருவார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? காலையில் தலைக்குக் குளித்தால் சாயங்காலம் வரை உள்முடி ஈரம் காயாது. சீப்புக்குப் பல் போகும். ரப்பர் பேண்ட் இரண்டாவது சுற்றிலேயே பட்டென்று அறுந்து அலமாரிக்குப் பின்னால் போய் விழும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதோடு அகலமான முகமும் சேர்ந்துவிட்டால்தான் தொல்லை. முடியை விரித்துவிட்டால் இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு முகத்தை இன்னும் அகலமாகக் காட்டும். இழுத்து வாரினால் மறைக்க ஒன்றுமில்லாமல் முகம் முழுசாக வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் ரெட்டை ஜடையை மடித்து ரிப்பன் கட்டியே ஆகவேண்டும் என்றார்கள். என் காதுகளுக்குப் பக்கத்தில் இரண்டு தலையணைகள் தொங்கிய மாதிரி இருந்தது.

நான் வேலை பார்ப்பது என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப்புடவைப் பிரிவில். துறையூரிலிருந்தும் தொட்டியத்திலிருந்தும் கல்யாணத்துக்குத் துணியெடுக்கக் குடும்பத்தோடு வருகிறவர்களை ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, தோளில் புடவையைப் போட்டுக் காட்டுவேன். குள்ளமாக இருப்பவரை உயரமாகக் காட்ட எந்த பார்டர், பருமனாக இருப்பவரைக் கொஞ்சம் இளைத்த மாதிரி காட்ட எந்த நிறம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. முகத்துக்கு மட்டும் ஒரு வழியும் பிடிபடவில்லை. ஸ்டெப் கட், கோண வகிடு, உச்சியில் கொண்டை, பக்கவாட்டில் கிளிப், நெற்றியில் முடியை வெட்டித் தொங்கவிடுவது என்று எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். கடைசியில், தளர்வாக ஒற்றை ஜடை பின்னி, காதோரம் கொஞ்சம் முடியை இறக்கிவிட்டுக்கொண்டு, யாராவது போட்டோ எடுத்தால் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது என்று வழக்கமாகிவிட்டது.

மகள் அப்படி இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே பரதநாட்டியம் கற்றுக்கொண்டாள். எனக்கு வாராந்திர விடுமுறையான செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காட்டூரிலிருந்து கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் மாடியில் நடக்கும் வகுப்புக்கு அவளை அழைத்துப் போவேன். வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட சோம்பல்படுகிற பெண், அங்கே சலிக்காமல் ஒரே அடவை மறுபடி மறுபடி ஆடுவாள். ஆடும்போது அவளுக்கு வேறு எந்த நினைப்பும் இருக்காது. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு, இது என் வயிற்றில் பிறந்ததுதானா என்று இருக்கும்.

எட்டாம் வகுப்பு வந்ததும் கண்ணாடி அவளைப் பிடித்துக்கொண்டது. குவைத்தில் வேலை பார்க்கும் என் கணவர் ஒருநாள் வீடியோ காலில், நாங்கள் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒண்ணா வந்தா ஸ்கிரீனே பத்தலையேடி!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கிண்டல் எனக்குப் பழகிப்போன ஒன்று. அவள் சிரிக்காமல் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசும்போதெல்லாம் போனை மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் நாட்டிய வகுப்பின் ஆண்டு நிகழ்ச்சிக்கு ஆறு பெண்கள் சேர்ந்து ஆடுகிற ஒரு உருப்படியில் அவளுக்கு இடம் கிடைத்தது. மழைக்குக் காத்திருக்கும் ஊர்ப் பெண்களைப் பற்றிய நடனம். வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள், "இது ஒண்ணு மட்டும் ஆடறேம்மா. இப்ப வரமாட்டேன்னு சொன்னா மிஸ்ஸுக்குக் கஷ்டம். அதுக்கப்புறம் நிறுத்திடறேன்."

"ஏன்டி? என்ன ஆச்சு?"

"முடிய இழுத்து வாரி, நடு வகிடு எடுத்து, இந்த மூஞ்சிய அப்படியே அத்தன பேர் முன்னாடியும் கொண்டுபோய் வைக்கணும். என்னால முடியாது."

இதே முகத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பின்வரிசையில் ஒளிந்துகொண்டிருக்கிறவள் நான். அதெல்லாம் ஒன்றுமில்லை, நீ அழகுதான் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? அவள் ஆட்டத்தை விடக்கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதனால் முடியைக் குறைத்துவிடலாமா என்று அவள் கேட்டபோது யோசிக்காமல் தில்லைநகரில் ஒரு பார்லருக்குக் கூட்டிப்போனேன்.

அங்கிருந்த பெண் அவள் முடியைக் கையில் அள்ளித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ டென்ஸா இருக்கே! கொஞ்சம் தின்னிங் பண்ணிட்டா ஃபேஸ் ஸ்லிம்மா தெரியும்க்கா" என்றாள். பல் வைத்த கத்தரியால் உள்ளுக்குள் கொத்துக் கொத்தாக வெட்டினாள். முகத்தோரத்திலும் குட்டையாகச் சில கற்றைகள் வெட்டி இறக்கினாள். தரையில் குவிந்ததைப் பார்த்தால் இன்னொரு பெண்ணுக்குத் தலை நிறைய வைக்கலாம் போலிருந்தது. அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள், நானும் சாதித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன். இரண்டு மூன்று வாரத்தில் உள்ளே வெட்டுப்பட்ட முடியெல்லாம் முளைத்து நிமிர்ந்து, மேல்முடியை வெளியே தள்ள ஆரம்பித்தது. தலை முன்பைவிடப் பெரிதானது. வகிட்டின் இரண்டு பக்கமும் அறுத்த வயலில் நிற்கும் நெல் தாளைப் போலக் குத்திட்டு நின்றது.

நாட்டிய வகுப்பில் டீச்சர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேள்! இவ ஜடைய வச்சுன்னா மத்த கொழந்தைகளுக்கு சவுரி சொல்லியிருக்கேன்!" குழு நடனத்தில் எல்லா ஜடையும் ஒரே பருமனில் இருக்கவேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் சட்டம். திரும்பி நின்றால் ஆறு முதுகும் ஒரே முதுகாகத் தெரியவேண்டுமாம். மற்றவர்கள் சவுரி வைத்துத்தான் ஜடையைப் பெரிதாக்குவார்கள். அளவுக்கு எடுத்துக்கொண்டது என் மகளின் ஜடையை. "உங்க பொண்ணு புண்ணியத்துல எங்க பொண்ணுக்கு ரெண்டு சவுரி" என்று ஒரு அம்மா ஏற்கெனவே என்னைச் சீண்டிக்கொண்டிருந்தார். இப்போது அந்த அளவு ஜடையிலேயே பாதி குட்டை முடி.

நிகழ்ச்சி அம்மாமண்டபம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். மணமகள் அறைதான் மேக்கப் அறை. தலை அலங்காரம் செய்ய வந்தவர் என் மகளை முன்னால் உட்கார வைத்து, நடு வகிடு எடுத்து, குத்திட்டு நின்ற குட்டை முடி ஒவ்வொன்றையும் ஜெல் தடவிப் படிய வைத்து ஹேர்பின் குத்தினார். குத்திக்கொண்டே இருந்தார். நெற்றிச்சுட்டி கட்டி, குறைந்துபோன பருமனுக்கு அவளுக்கும் ஒரு சவுரி வைத்து ஜடை பின்னி, குஞ்சலம் தொங்கவிட்டு முடிக்கும்போது அவர் கொண்டுவந்த பின்னெல்லாம் தீர்ந்து போயிருந்தது. இன்னொரு பெண் தலை விரிந்தபடி காத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒரு கடையவே உங்க பொண்ணு தலைல வச்சாச்சு. ஓடிப்போய் இன்னும் கொஞ்சம் பின் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

மகள் கண்ணாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மிஸ்கிட்ட சொல்லி ஓரத்துல நிக்கறேன்னு கேட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவளை அப்படியே விட்டுவிட்டு நான் ஓடினேன். முதல் இரண்டு ஃபேன்சி ஸ்டோரில் கிளிப்தான் இருந்தது. மூன்றாவது கடையில் ஹேர்பின் கிடைத்து, மூச்சு வாங்கத் திரும்பி வந்து, மேக்கப் அறை வாசலில் கொடுத்துவிட்டு மண்டபத்துக்குள் போனால், இரண்டாவது வரிசையில் நான் பை வைத்திருந்த இடத்தில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. பையைத் தூக்கிக் கீழே வைத்திருந்தார்கள். வாய்ச்சண்டை போட நேரமில்லை. பையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன். அங்கே ஒரு நாற்காலிதான் மிச்சம். பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒரு அம்மா, மடியில் தூங்கும் குழந்தையோடு.

திரை விலகியது. அவ்வளவு தூரத்திலிருந்து மேடை சின்னதாக இருந்தது. ஆறு பெண்கள், ஒரே நிறத்தில் உடை, ஒரே அளவு ஜடை. என் மகள் இடது ஓரத்தில். ஆடத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். மற்ற பெண்களின் கையும் காலும் நன்றாகத் தெரிந்தன, முகம் தெரியவில்லை. சின்ன முகங்கள். அவ்வளவு தூரத்துக்கு மையும் சாயமும் கலந்து ஒரு புள்ளியாகிவிட்டன. என் மகளின் முகம் தெரிந்தது. புருவம் தனியாக, கண் தனியாக, உதட்டோரம் லேசாக இறங்குவது தனியாகத் தெரிந்தது. முடி ஒன்றுகூட முன்னால் விழாமல் இழுத்துக் கட்டியிருந்ததில், அந்த முகத்தில் இருந்த இடம் அத்தனையும் அவளுக்கு ஆட்டத்துக்குக் கிடைத்துவிட்டது. நாங்கள் எதை மறைக்க இத்தனை பாடுபட்டோமோ, அது அங்கே விளக்கு வெளிச்சத்தில் அகலமாக, அமைதியாக இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

கடைசியில் மழை வருகிற கட்டம். ஆறு பேரும் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார்கள். முதல் துளி கன்னத்தில் விழவேண்டும். ஐந்து பேர் கையை நீட்டிக் காட்டினார்கள். என் மகளும் கையை நீட்டினாள். ஆனால் அதற்கு முன்பே அவள் கன்னத்தில் துளி விழுந்ததை நான் பார்த்துவிட்டேன். தோல் சிலிர்த்து, கண் ஒரு கணம் மூடி, நம்பமுடியாமல் திறந்து, பிறகு சிரிப்பு இரண்டு கன்னத்திலும் மெதுவாகப் பரவியது. பக்கத்திலிருந்த அம்மா தன் கன்னத்தைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் முகத்தை நான் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். எந்தக் கண்ணாடியும் அவ்வளவு தூரம் போய் நிற்காது. இந்த முகம் இவ்வளவு செய்யும் என்று எனக்கு யாருமே சொன்னதில்லை.

கைதட்டல் முடிந்து விளக்கு போட்டார்கள். பக்கத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.

"அந்த ஓரத்துல ஆடுச்சே, அது உங்க பொண்ணுங்களா?"

"ஆமாங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"அதான் முகத்துலயே எழுதியிருக்கே" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

பழக்கதோஷத்தில் என் கை காதோர முடியை முன்னால் இழுக்கப் போனது. பாதியிலேயே கையைக் கீழே போட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த முகத்துக்காக எனக்குப் பெருமையாக இருந்தது.

மேக்கப் அறையில் மகள் பின்னை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "எங்கம்மா போயிட்ட? ரெண்டாவது வரிசைல உன்னத் தேடினேன்" என்றாள்.

"எடம் போயிடுச்சு. கடைசி வரிசைல இருந்தேன்."

அவள் முகம் சுருங்கியது. "அப்ப ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

"உன் முகம் மட்டுந்தான் தெரிஞ்சுது. கன்னத்துல மழைத்துளி விழுந்தது அங்க வரைக்கும் தெரிஞ்சுது. பக்கத்துல ஒருத்தங்க அவங்க கன்னத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டாங்கடி." நான் அழுவதை அவள் விநோதமாகப் பார்த்தாள். நான் சும்மா சொல்கிறேனா என்று என் முகத்தில் தேடினாள். கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி, பாதி பின் உருவிய தலையோடு, நெற்றிச்சுட்டி கோணலாகத் தொங்க, தன்னைத் தானே பார்த்துக்கொண்டாள். கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை.

"அம்மா."

"என்ன?"

"அடுத்த தடவையும் நீ அங்கயே உக்காந்து பாரு, சரியா?"