இலங்கைக்கு எந்த மாதம் நல்லது?

நவம்பர் 18, காலை 6.40, மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா பஸ் நிலையத்தில் விடாத மழை. "இங்கேயே இப்படின்னா இலங்கையில வெள்ளமே வந்துடும். பிப்ரவரியில போலாம்" என்றேன். கண்டியில் வாழ்க்கைப்பட்ட என் மனைவியின் அக்காவைப் பார்க்கப் போவதை, இப்படிச் சொல்லியே மூன்று வருடம் தள்ளிப்போட்டிருந்தேன்.

முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள் என் மனைவி. "மழைன்னு ஒரு நாளாவது நான் வீட்ல உட்கார்ந்தேனா? ஆபீஸ்ல கணக்கெழுதிட்டு இருந்த கிராணி உங்களுக்குத்தான் பயம் லா!" என்று சிரித்தாள். மழையில் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் படங்கைப் பையிலிருந்து எடுத்துப் புதுச்சேலைமேல் கட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். எல்லோரும் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கண்டியில் ஒன்பது நாளும் மழைதான். அக்காளும் தங்கையும் அதே படங்கைத் தலைக்குமேல் பிடித்தபடி ஊர் சுற்றினார்கள். நான் குடையோடு பின்னால் போனேன்.

மொத்தச் செலவு 5,860 ரிங்கிட். அவளுக்கு வாங்கிய மழைக்கோட்டு 24 ரிங்கிட் மட்டும் வீண்.