அக்காவின் பண்டலில் எங்கள் காலர்கள்

கையில் ஒரு சட்டைக் காலரை வைத்துக்கொண்டு அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி. லைனில் எல்லோருக்கும் அவர் அக்காதான்; எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மெஷின். கண்ணை மூடிக்கொண்டே காலர் வைப்பவர் என்று அவரைக் கேலி செய்வோம். அன்று என் பக்கம் திரும்பி, "இன்னாடி இது, எந்தப் பக்கம் உள்ள வரணும்?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அக்காவுக்குக் கொரோனா வந்து போய் மாதங்கள் ஆகியிருந்தன. காய்ச்சலும் இருமலும் விட்டன, அசதி விடவில்லை. ஒரு நாள் ஓடியாடினால் மறுநாள் படுக்கை. படியேறினால் நெஞ்சு படபடக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்து நிற்பார். இரத்தம், எக்ஸ்ரே, இசிஜி எல்லாம் எடுத்தார்கள்; ஒன்றுமில்லை என்றே வந்தது. எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தனியாளாக மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தவர். இந்த வேலை போனால் அவருக்கு வேறு வழியில்லை.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லையென்றால், பக்கத்து மெஷின்காரிகள் தாங்கள் தைத்த பீஸ்களில் கொஞ்சத்தை அவள் கணக்கில் எண்ணப்படும் பண்டலில் சேர்த்துவிடுவோம். சாதாரணமாக அரை நாளைக்குத்தான். அக்காவுக்கு மாதக்கணக்கில் செய்தோம். சூப்பர்வைசருக்குத் தெரியாமல் செய்ததில் எங்களுக்குப் பெருமைகூட இருந்தது.

கடைசியில் முடியாமல்போய், பிசிறு வெட்டும் இலேசான வேலைக்கு மாற்றச் சொல்லி மேனேஜரிடம் கேட்டார். துணைக்கு நானும் போனேன். "ரிப்போர்ட் நார்மல். புரொடக்‌ஷனும் குறையல. அப்புறம் என்னம்மா?" என்றார் அவர். உண்மையைச் சொன்னால் லைன் முழுவதற்கும் வேலை போகும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். மெஷினுக்கே திரும்பினோம். அந்த வாரமே மெஷினில் சாய்ந்தவர், பிறகு வேலைக்கு வரவில்லை.

இப்போது கரையான்சாவடியில் மகளோடு இருக்கிறார். போன வாரம் போயிருந்தேன். எங்கள் பக்கத்து டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். கொரோனாவுக்குப் பின் விடாத இந்த அசதி உண்மையான நோய்தானாம். சோதனையில் எதுவும் தெரியாமலே போகலாமாம். உடம்பை மீறி இழுத்தால் பலருக்குக் கூடுமாம். முழுதாகத் தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லையாம். அக்கா கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்துவிட்டதென்று கிளம்ப எழுந்தேன்.

"நீங்கள்லாம் நல்லவளுங்கடி," என்றார் அக்கா, கோபமே இல்லாமல். "அதான் என்னை ஒருத்தனும் நம்பல."